ஸ்டூலுக்கு வந்த சென்னியம்மாள்

சென்னியம்மாளை நான் முதன்முதலில் பார்த்த அன்று அவர் எனக்கு மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. நடுவில் அவருடைய வீட்டுக்காரர் இருந்தார்.

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் மெஷினுக்கு நான் டெக்னீசியன். புளியம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கி வந்தவன். எங்கள் வீதியில் எனக்கு முன்னால் வெள்ளைக் கோட்டு போட்டவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர்தான், அவரும் வெளியூர்க்காரர். அதனால் அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் எவ்வளவு லட்சணமாக வேலை பார்த்தேன் என்பதும் இந்தக் கதையில் வரும்.

அன்றைக்குக் கதவு திறந்ததும் முதலில் ஒரு ஃபைல் உள்ளே வந்தது. அப்புறம் அதைப் பிடித்திருந்த கை, கஞ்சி போட்ட சட்டை, அறுபத்தெட்டு வயது லட்சுமணசாமி. அவர் முழுசாக உள்ளே வந்து, மின்விசிறிக்கு நேராக ஒரு இடம் பார்த்து நின்ற பிறகுதான் பின்னால் சென்னியம்மாள் தெரிந்தார்.

உங்க பேர் என்னங்கம்மா என்று கேட்டேன். லட்சுமணசாமி சொன்னார். வயது கேட்டேன். அறுபத்திரண்டு என்று லட்சுமணசாமி சொன்னார். வலி எங்கே என்றதற்கு இடுப்பில் என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். எங்கள் படிவத்தில் மாதவிலக்கு நின்றது எப்போது என்று ஒரு கேள்வி உண்டு. வேறு வழியில்லாமல் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தே அதையும் கேட்டேன்.

"அது ஆச்சுங் தம்பி, நம்ம மண்டிக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்குன வருசம்" என்றார் லட்சுமணசாமி.

சென்னியம்மாள் சுவரில் இருந்த தீயணைப்பான் சிலிண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

மண்டி என்றால் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி. அங்கே முப்பத்தைந்து வருடமாக லட்சுமணசாமி தரகு பார்க்கிறார். மலையிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு வருகிற விவசாயி தன் மூட்டை மேலேயே உட்கார்ந்திருப்பான். விலை பேசுவது, அழுகலைக் கழிப்பது, கோபித்துக்கொண்டு எழுந்துபோவதுபோல் நடிப்பது எல்லாம் தரகர் வேலை. சரக்குக்குச் சொந்தக்காரன் வாயைத் திறந்தால் விலை இறங்கிவிடும் என்பது அந்த மண்டியின் நம்பிக்கை. லட்சுமணசாமி கெட்டவர் இல்லை. மனைவியையும் அதே அக்கறையோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

உயரம் அளக்க வேண்டும் என்றேன். "அஞ்சடி ரெண்டு, எழுதிக்குங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே கேட்டுத்தான் கட்டுனது" என்றார். நிறுத்தி அளந்தால் நாலடி பதினொன்றரைதான் வந்தது. முதுகெலும்பு அரித்துப்போனால் ஆள் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாவார் என்று விளக்கினேன். அவர் என் அளவுகோலின் பக்கத்தில் வந்து கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். இது எத்தனை வருடத்துப் பழசு என்று கேட்டார்.

ஸ்கேன் முடிந்து எண் வந்தது. மைனஸ் மூன்று புள்ளி இரண்டு. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்புப்புரை நோய். கால் இடறி விழுந்தால் போதும், எலும்பு முறிந்துவிடும். இதைச் சொன்னதும் லட்சுமணசாமி என் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "ரெண்டரையிலயே முடிச்சுக்குங்க தம்பி. எதுக்கு அத்தன தூரம் போவோணும்?" என்றார். மெஷின் போட்ட எண், நான் மாற்ற முடியாது என்றேன். இரண்டே முக்காலுக்கு வந்தார். அதற்கும் மசியவில்லை என்றதும், இந்தப் பையனுக்குத் தொழில் தெரியவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

நான் ரிப்போர்ட்டைப் பெரிய டாக்டர் அறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பெரிய டாக்டர் ஒரு காலையில் எண்பது பேரைப் பார்ப்பவர். ஆளுக்கு மூன்று நிமிஷம். அவர் மேசைக்குப் பக்கத்தில் சுற்றுகிற ஸ்டூல் ஒன்று உண்டு, நோயாளி உட்கார. சுவரோரம் ஒரு பெஞ்சு, கூட வந்தவர் உட்கார. நான் போனபோது லட்சுமணசாமி ஸ்டூலில் இருந்தார். சென்னியம்மாள் பெஞ்சில் இருந்தார். பிரசர் பார்க்கிற பட்டையோடு, அடுத்த நோயாளிக்கு வழிவிடும் அவசரத்தில் இருந்த நர்ஸ், ஸ்டூலில் யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை, எந்தக் கை நீட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். லட்சுமணசாமி சட்டைக் கையைச் சுருட்டி, மாலை போட வந்தவர்களுக்குக் கழுத்தை நீட்டுவதுபோல் கையை நீட்டினார். நூற்றறுபதுக்கு நூறு. அந்த எண் சென்னியம்மாளின் ஃபைலில் ஏறியது.

நானும் பார்த்தேன். கூட வந்தவருக்கும் பிரசர் பார்க்கிறார்களே, நல்ல ஆஸ்பத்திரியில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். படித்தவனின் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

டாக்டர் மூன்று மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒன்றாக எலும்புக்கு ஒரு மாத்திரை, தினமும் சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்று, தினமும் பிரசருக்கு ஒன்று. வார மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீ காபி கூடாது, மற்ற மாத்திரையும் கூடாது. இல்லையென்றால் மருந்து உடம்பில் சேராது, உணவுக்குழாயையும் புண்ணாக்கும். இவ்வளவையும் அவர் பதினைந்து நொடியில், பாதி இங்கிலீஷில், லட்சுமணசாமியிடம் சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்ததுங்க என்று லட்சுமணசாமி சொன்னார். மண்டியில் அவர் இதுவரை ஒருத்தரிடமும் புரியவில்லை என்று சொன்னதே கிடையாது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஸ்டூல், அதே பெஞ்சு, அதே கை. மாத்திரை சாப்பிட்டும் பிரசர் இறங்கவே இல்லையே என்று டாக்டருக்கு ஆச்சரியம். எப்படி இறங்கும்? மாத்திரை ஒரு உடம்புக்குள் போனது, பட்டை இன்னொரு உடம்பில் கட்டப்பட்டது. ஒன்பதாவது மாதம் அவர் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார்.

பதினான்காவது மாதம், அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மறு ஸ்கேனுக்கு வந்தார்கள். இந்த முறை எனக்கு அனுபவம் இருந்தது. லட்சுமணசாமி வழக்கம்போல் மின்விசிறிக்கு நேராக நின்றதும், இந்த மெஷினில் கதிர் வரும், ஆம்பளைங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை, அப்புறம் உங்கள் விருப்பம் என்றேன். சுத்தப் பொய். அதில் வருகிற கதிர் கடுகளவுதான். நான் நாள் முழுக்க அதன் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் அவர் ஃபைலை வேட்டிக்கு முன்னால் பிடித்தபடி வெளியே போன வேகத்தை அந்த வயதில் யாரிடமும் நான் பார்த்ததில்லை.

சென்னியம்மாள் மேசையில் படுத்திருந்தார். கால்களைத் தூக்கிக் கட்டைமேல் வைத்துவிட்டு மெஷினை ஓட விட்டேன். அது இடுப்புக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. கூரையைப் பார்த்தபடியே அவர் பேசினார். நன்றாகப் பேசுகிற குரல்.

"கண்ணு, இந்த எலும்பு மாத்தர தின்னா தல கிறுகிறுன்னு வருமா?"

வராதே என்றேன். தினமும் காலையில் மாத்திரை விழுங்கின ஒரு மணி நேரத்துக்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, போய்ப் படுத்துவிடுகிறேன் என்றார். எப்படி விழுங்குகிறீர்கள் என்று விசாரித்தேன். மாத்திரைப் பெட்டி லட்சுமணசாமியின் பொறுப்பு. இட்லி தின்று காபி குடித்த பிறகு, வார மாத்திரை, தின மாத்திரை எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து நீட்டுவாராம், ஒரே தடவையில் சோலி முடியட்டும் என்று. அப்புறம் இந்தம்மா தலை சுற்றிப் படுப்பார். படுத்தால் நெஞ்செரியும். வயசாகிவிட்டால் இப்படித்தான் என்று லட்சுமணசாமி அதற்கும் ஒரு முடிவு சொல்லியிருந்தார்.

அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். பெட்டியிலிருந்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எடுத்தது. பார்த்தேன். அதில் ஒன்று பிரசர் மாத்திரை. உங்களுக்கு எத்தனை நாளாகப் பிரசர் இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கா? பிரசரா? ஆரு பாத்தாங்க?"

அப்போதுதான் அந்த ஸ்டூலும் அந்தக் கையும் எனக்கு ஞாபகம் வந்தது. பதினான்கு மாதம் தாமதமாக. சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்கா ராசாத்தாள் சிறுமுகையில் இருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு வருடமாகக் கட்டிலில். பின்கட்டு அறை. முதுகில் புண். நாற்றம் தெரியாமல் இருக்க ஊதுபத்தி, முனகல் கேட்காமல் இருக்க டிவி. வாரம் ஒரு தடவை சென்னியம்மாள் போய்த் துடைத்துவிட்டு வருகிறார்.

"எனக்குச் சாவு வரட்டும் கண்ணு, அதுக்கென்ன. ஆனா நான் அந்தக் கட்டல்ல கெடக்கக் கூடாது. கிறுகிறுப்புல ஒரு நாள் உழுந்தன்னு வெய்யி, முடிஞ்சுது. நீயே டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடு."

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய டாக்டர் எழுதிய மாத்திரையைத் தப்பு என்று டெக்னீசியன் சொன்னால் அடுத்த மாதம் டெக்னீசியன் இருக்க மாட்டான் என்ற பயம்தான். அதை வெளியே சொல்ல முடியுமா? உங்க உடம்பு, நீங்க கேட்டாத்தானுங்கம்மா மரியாதை என்று பெரிய தத்துவம்போல் சொல்லி அனுப்பினேன். அன்றைய எண் மைனஸ் மூன்று புள்ளி நாலு. இறங்கியிருந்தது.

அறைக்குள் என்ன நடந்தது என்பதை நர்ஸ் பிற்பாடு சொன்னாள். ஏனுங் டாக்டருங்க என்று பெஞ்சிலிருந்து சென்னியம்மாள் ஆரம்பித்தார். அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்க சொல்லுங்க என்று ஸ்டூலிலிருந்து லட்சுமணசாமி சொன்னார். மாத்திரை வேலை செய்யவில்லை, அடுத்த மாதம் வருடத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசிக்கு மாறிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். போட்டுப்போடலாமுங்க என்று லட்சுமணசாமி சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தது.

இது நடந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த வாரச் சனிக்கிழமை உலக எலும்புப்புரை நாள். எங்கள் ஆஸ்பத்திரி மாடிக் கூடத்தில் பெரிய விழா. 'உங்கள் எலும்பு, உங்கள் குரல்' என்று இருபதடிக்கு ஃபிளெக்ஸ்; அதில் பெரிய டாக்டரின் படம், நிர்வாக இயக்குநரின் படம், அவருடைய அப்பாவின் படம், ஒரு எலும்பின் படம். நோயாளி படம் இல்லை. மக்கள் தொடர்பு அதிகாரி ஃபெமினா எல்லா நோயாளிகளுக்கும் போன் செய்து அழைத்திருந்தாள். சிறந்த பராமரிப்பாளர் என்று ஒரு விருது வைத்திருந்தார்கள். அதற்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவே தேவையில்லை. ஒரு தேதிகூடத் தவறாமல் வந்தவர், எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர்.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சென்னியம்மாள் ஒரு காரியம் செய்தார். அவர்கள் வீடு காரமடைக்குப் பக்கத்தில். வீடு வீடாக வந்து பிரசரும் சர்க்கரையும் பார்க்கிற அரசாங்கத் திட்டத்தில் அமலி என்று ஒரு பெண் அந்த வீதிக்கு வருவாள். அந்த வாசலில் மட்டும் அவள் ஏறுவதில்லை. நாங்க பெரிய ஆசுபத்திரியில பாக்கறமுங்க என்று லட்சுமணசாமி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். அன்று அவர் மண்டிக்குப் போனதும் சென்னியம்மாளே வீதிக்கு வந்து அமலியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். தன் கையை நீட்டினார். உட்கார்ந்து பார்த்தால் நூறுக்கு அறுபது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால் தொண்ணூறுதான். அமலி பிரசர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுப் பயந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு அங்கேயே போன் போட்டாள். இன்றைக்கு மேல் அதைத் தொடவே வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் நாளைக்கே காட்டச் சொல் என்று அவர் சொன்னார். சென்னியம்மாள் நாட்காட்டியில் அன்றைய தேதித் தாளைக் கிழித்துக் கொடுத்து, பின்பக்கத்தில் அந்த எண்களைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். அவர் ஐந்தாவது வரை படித்தவர்.

சனிக்கிழமை நோயாளிகளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். எலும்பு அரித்துப்போன நூற்றிருபது பெண்கள் சாய்மானம் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று வரிசையில் குஷன் நாற்காலிகள் இருந்தன. அவை எலும்பு நன்றாக இருந்தவர்களுக்கு. குத்துவிளக்கு, வரவேற்புரை, ஒன்பது பொன்னாடை. பிறகு பெரிய டாக்டர் நாற்பது நிமிஷம் பேசினார். நோயாளிகள் வாய்மூடி இருக்கும் காலம் போய்விட்டது, தங்கள் சிகிச்சையில் அவர்களே பங்கெடுக்க வேண்டும், டாக்டரைக் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது என்று உணர்ச்சியோடு சொன்னார். நன்றாகக் கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்ததும் ஃபெமினா மைக்கைப் பிடித்து, நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து செய்யப்படுவதாக அறிவித்தாள்.

அடுத்தது விருது. லட்சுமணசாமி மேடையேறினார். பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, கொடுக்காத மைக்கையும் கையில் வாங்கிக்கொண்டார். "என்ற ஊட்டுக்காரி வாயில்லாப் பூச்சிங்க. இவளுக்கு மாத்தரையில இருந்து பேச்சு வரைக்கும் எல்லாமே நாந்தானுங்க" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். வாயில்லாப் பூச்சியும் மேடைக்கு வந்தால் ஜோடியாகப் போட்டோ எடுக்கலாம் என்று ஃபெமினா அழைத்தாள்.

கடைசி வரிசையிலிருந்து சென்னியம்மாள் நடந்து வந்தார். மேடைக்கு மூன்று மரப்படி. முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டார். வாங்கம்மா, வெட்கப்படாதீங்க என்றாள் ஃபெமினா.

"வெக்கமில்லீங் அம்மிணி. படிக்குப் புடிகம்பி இல்லீங்களே. எலும்புச் சீக்குக்காரியெல்லாம் எதப் புடிச்சு ஏறறது?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பின்வரிசைகளில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தப் படிகளைப் பார்த்தார்கள். ஃபெமினா புத்திசாலி, இன்னொரு மைக்கோடு கீழே இறங்கி வந்து, வாழ்த்தி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று வாயருகே பிடித்தாள். சென்னியம்மாள் மேடையில் இருந்த பெரிய டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற பிரசரு எவ்வளவுங்க?"

அவர் சிரித்த முகத்தோடு, அதெல்லாம் ஃபைலில் இருக்கும்மா என்றார். ஃபைல் லட்சுமணசாமியின் அக்குளில்தான் இருந்தது. வாங்கிப் பார்த்து, நூற்றறுபதுக்கு நூறு, கொஞ்சம் அதிகம்தான், மாத்திரையைக் கூட்டியிருக்கிறோம், பயப்பட வேண்டாம் என்றார். சென்னியம்மாள் நாட்காட்டித் தாளை ஃபெமினாவிடம் கொடுத்து மேலே அனுப்பினார்.

"இது நேத்து என்ற கையில பாத்ததுங்க. பதினாலு மாசத்துல மொத மொறையா என்ற கையில பாத்தாங்க. ஃபைலுல இருக்கறது அவருதுங்க. நீங்க ஒரு தடவ எம்பக்கம் திரும்பியிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க."

இவ்வளவும் ஒரு 'ங்க' குறையாமல் சொன்னார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அடி விழுந்தவருக்கு விழுந்தது தெரியவே கொஞ்ச நேரம் ஆகும். டாக்டர் தாளைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், லட்சுமணசாமியைப் பார்த்தார். லட்சுமணசாமிக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று நிஜமாகவே விளங்கவில்லை.

"ஒரே ஊடு, ஒரே சோறு, ஒரே உப்பு. பிரசரு மட்டும் வேறயா இருக்குமுங்களா?" என்றார். மூட்டைக்கு மேலே நாலு கிழங்கைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாதா என்று விளக்கமும் சொன்னார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது என்பதால் கூடம் முழுக்க அதைக் கேட்டது.

டாக்டரை இதுவரை கொஞ்சம் இளக்காரமாகவே எழுதியிருக்கிறேன். அதற்காக இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் மேடையை விட்டுக் கீழே இறங்கினார். பிரசர் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, சென்னியம்மாளைக் குஷன் நாற்காலியில் உட்கார வைத்து, தன் கையாலேயே பட்டையைக் கட்டினார். தொண்ணூற்றெட்டுக்கு அறுபது. காலை நேரத்தில் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். அவர் சென்னியம்மாளிடம் கேட்ட முதல் கேள்வி அது. தினமும் சுத்துதுங்க, நேத்தோட நிறுத்திப்போட்டேன் என்றார் அந்தம்மா. எலும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். இட்லி, காபி, படுக்கை, நெஞ்செரிச்சல் எல்லாம் வெளியே வந்தது. அந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னாரே, அது வேலைக்கே போகவில்லை.

பிறகு லட்சுமணசாமியை உட்கார வைத்தார்கள். பொன்னாடையை விலக்கித்தான் பட்டை கட்ட வேண்டியிருந்தது. நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு. எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டருங்க என்று அவர் ஆரம்பிக்கும்போதே சென்னியம்மாள் பிளாஸ்டிக் கவரிலிருந்து பிரசர் மாத்திரை அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். உங்குளுதுதானுங், நீங்களே வெச்சுக்குங்க என்றார். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்து, அளவைக் குறைத்து அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். பின்வரிசைப் பெண்கள் அப்போதுதான் கை தட்டினார்கள். விழாவில் ஃபெமினா கேட்காமல் விழுந்த கைதட்டு அது ஒன்றுதான். அப்புறம் கேள்வி நேரம் தானாகவே ஒரு மணி நேரம் நடந்தது. தக்காளி சாதம் ஆறிப்போனது.

திங்கட்கிழமை டாக்டர் அறை வாசலில் போர்டு மாட்டினார்கள்: 'ஸ்டூலில் நோயாளி மட்டும் அமரவும்.' கீழே, நோயாளி பங்கேற்பில் எங்கள் புதிய முயற்சி என்று இருந்தது. ஆஸ்பத்திரி மலரில் அந்தப் போர்டின் முன்னால் நிர்வாக இயக்குநர் நிற்கிற படம் வந்தது. சென்னியம்மாளின் பெயர் எங்கும் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கு என்ன சீக்காமா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு சென்னியம்மாள் தனியாகவே பஸ் ஏறி வர ஆரம்பித்தார். ஃபைல் அவர் கையில். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு வருவார். புதன்கிழமை மாத்திரை மறந்துபோனால் வியாழக்கிழமை போடலாமா? பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, பல் டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொல்ல வேண்டுமா? எத்தனை வருடம் சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்தலாம்? ஊசி வேண்டுமா என்று டாக்டர் கேட்டபோது, மாத்திரையை ஒழுங்காக ஒரு வருடம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாமுங்க என்று அவரே முடிவு சொன்னார். டாக்டரும் யோசித்து, சரி என்றார். இப்போது அவருக்கு மட்டும் ஒன்பது நிமிஷம் ஆகிறது. எண்பது பேர் எழுபத்தெட்டாகிவிட்டார்கள் என்று நிர்வாகத்துக்கு வருத்தம்.

என்னையும் விடவில்லை. நான் கொடுத்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன படிச்சவன், தமிழ்ல ஒரு வரி எழுதுனா கை வலிக்குமா கண்ணு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீதியில் யாருக்கும் புரியாத ஒன்றை எழுதுவதுதான் படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு வரி பேனாவால் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் அவர் செய்த மாற்றம் மண்டி வரைக்கும் பேச்சாகிவிட்டது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை மதியச் சோற்றுக்கு நகர்ந்தது. லட்சுமணசாமி கௌரவத்துக்காகக் குளியலறையில் ஒட்டியிருந்த வழுவழு டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்புக் கல் போடச் சொன்னார் சென்னியம்மாள். மண்டியில் கிடந்த பழைய தராசுக் குழாயை வெட்டிச் சுவரில் பிடிகம்பியாக அடிக்க வைத்தார். பிடிகம்பியா, இது ஊடா ஆசுபத்திரியா என்று லட்சுமணசாமி கேட்டாராம். ஊடா இருக்கறதுக்குத்தான் மாமா இது என்றாராம் சென்னியம்மாள். தினமும் பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், அரை மணி நேரம் நடக்கிறார். குடத்தைத் தூக்குவதில்லை, தூக்குவது இப்போது வேறு ஒருவர்.

ஒரே ஒரு முறை லட்சுமணசாமி கூட வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும், பழக்கதோஷத்தில், பரவால்லீங்க என்று பெஞ்சிலிருந்து பதில் வந்தது. சென்னியம்மாள் ஸ்டூலோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பினார். "உங்களுக்கு வலிக்குதுங்களா மாமா? வலிச்சாச் சொல்லுங்க, டோக்கன் போட்டுப்போடலாம்" என்றார். அவர் எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

ராசாத்தாள் போன தை மாதம் அதே கட்டிலில் இறந்தார். சென்னியம்மாள் மூன்று நாள் சிறுமுகையில் இருந்தார். எழவு வீட்டில் தரையில் உட்காரச் சொன்ன, ஒரம்பரையாக வந்த சொந்தக்காரப் பெண்களிடம் முடியாது என்று சொல்லி, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாராம். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். போகும்போது அவர்களில் இரண்டு பேர் என் ஸ்கேன் அறை எங்கே இருக்கிறது என்று அவரிடம் விசாரித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி போன வாரம் வந்தாள், மகனோடு. பேர் என்ன என்று கேட்டேன். மகன் சொன்னான்.

சென்னியம்மாளுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. கடைசி ஸ்கேனில் மைனஸ் மூன்று புள்ளி ஒன்று. காரமடைக்குப் பக்கத்தில் தன் வீட்டிலேயே இருக்கிறார். புதன்கிழமை விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இதுவரை விழவில்லை. லட்சுமணசாமி தினமும் தன் பிரசர் மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறார். அவருக்கும் ஒரு முறை ஸ்கேன் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது. ஆம்பளைங்களுக்கு அந்தக் கதிர் ஆகாதுங்களே என்கிறாராம். அந்தச் சீட்டு இன்னும் மண்டி மேசையில் இருக்கிறது.